எட்டுக் குவியல் கறிமீன்

மார்ச் 3, செவ்வாய்

காற்றே இல்லை. புழுக்கம். கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அம்மா கண்டால் தொலைந்தேன்.

இன்று கரையில் பெரிய சண்டை. காரணம் நான். யாருக்கும் தெரியாது.

அப்பாவோடு சேர்த்து எட்டுப் பேர் கரைவலை இழுக்கிறார்கள். விற்றது போக மிஞ்சும் கறிமீனை எட்டுக் குவியலாக்குவார்கள். ஆளுக்கோர் அடையாளம்: சிப்பி, கயிற்றுத் துண்டு, ஈர்க்கு, இப்படி. அப்பாவுடையது சிவப்புப் பொத்தான். எண்ணத் தெரியாத சின்னப் பிள்ளை ஒன்று அவற்றைக் குவியலுக்கு ஒன்றாக வைக்கும்; யாருடைய அடையாளம் எதிலோ, அது அவர் பங்கு. அந்த வயதில் கூடக்குறைய தெரியாது, ஆகவே ஓரவஞ்சனை வராது என்று நினைப்பு. இந்த வருடம் அந்தப் பிள்ளை என் தங்கச்சி தெரேசா. நாலு வயது. "ஒண்டு, ரெண்டு, அஞ்சு" என்றுதான் எண்ணுவாள்.

ஆனால் அவளுக்குத் தெரியும். புளியங்கொட்டை விளையாட்டில் கண்டேன். பன்னிரண்டு ஒரு பக்கம், எட்டு ஒரு பக்கம். பார்த்தவுடன் கூடினதைத் தொட்டாள். எட்டை அகலமாகப் பரப்பி ஏமாற்றிப் பார்த்தேன். ஏமாறவில்லை. ஏழாம் வகுப்பு படிக்கும் நான் விரல் மடித்து எண்ணி முடிக்குமுன் அவள் கை போய்விட்டது.

அத்தோடு விட்டிருக்கலாம். அவள் காதில் சொன்னேன்: "அப்பாட பொத்தானைக் கூடினதில வை." மூன்று கிழமை, ஒவ்வொரு நாளும், அப்படியே வைத்தாள். அம்மா, "கர்த்தர் எங்களைப் பாத்துக்கொள்றார்" என்றாள். பொரித்த மீன் ஆளுக்கு இரண்டு.

இன்று வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாரின் மருமகன் அப்பாவிடம் கேட்டான். "ஒவ்வொரு நாளும் பெரிய பங்கு உங்களுக்கே எப்பிடி அண்ணே விழுது?"

"பச்சப்பிள்ளைக்கு என்ன தம்பி தெரியும்?"

அவன் குவியல்களை இடம் மாற்றினான். ஒன்றில் நாலைந்து மீன் கூடப் போட்டான். பொத்தானைத் தெரேசாவிடம் கொடுத்தான். நேரே போய் அதில் வைத்தாள். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள், மெச்சுவேன் என்று.

நான் கடலைப் பார்த்தேன்.

மார்ச் 4, புதன்

அப்பாவை வலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

"நீதானே பழக்கினது?" அப்பா, அம்மாவிடம்.

"நானோ? அவளைக் கையில பிடிச்சுக்கொண்டு போறது ஆர்?"

பிறகு தெரேசாவுக்கு அடி. பூவரசங்கம்பு. "ஆர் சொன்னது? சொல்லு." என் பெயரைச் சொல்லவில்லை. "இனிப் பாக்கமாட்டன் அப்பா, இனிப் பாக்கமாட்டன்." பார்த்ததுதான் குற்றம் என்று நினைத்துவிட்டாள்.

நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். துருவிக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 6, வெள்ளி

காலையில் சிறு தூறல். பின்னக்கணக்கு பத்தில் நாலு சரி.

கணக்கு டீச்சரிடம் கேட்டேன்: எண்ணத் தெரியாத பிள்ளை, எது கூட என்று பார்த்தே சொன்னால்?

"அப்பிடிப் பிள்ளைக்குப் பிறகு கணக்கு லேசா வரும். உனக்கு வாய்ப்பாடு எல்லாம் பாடம், ஆனா அரைவாசி பெரிசோ காவாசி பெரிசோ எண்டா முழிக்கிறாய். ஆர் அந்தப் பிள்ளை?"

"பக்கத்து வீடு, டீச்சர்."

"அரிவரி வகுப்பில சேக்கச் சொல்லு. வெருட்டிப்போடாம வளக்கச் சொல்லு."

மார்ச் 7, சனி

கோவிலில் பாவசங்கீர்த்தனம். சாமியாரிடம் சொன்னவை: பூசையில் கதைத்தது, அம்மாவுக்கு எதிர்த்துப் பேசியது, சீனி திருடியது. அந்த ஒன்றைச் சொல்லவில்லை. சாமியார் அப்பாவைத் தெரிந்தவர். பாவத்தை மறைத்துவிட்டு நாளை பூசையில் நன்மை அப்பம் வாங்கினால் இரட்டைப் பாவம். வாங்காவிட்டால் அம்மா ஏன் என்று கேட்பாள்.

பின்னேரம் தெரேசாவுக்கு முன்னால் புளியங்கொட்டை வைத்தேன். பன்னிரண்டும் மூன்றும். எது கூட? இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். "தெரியாது அக்கா." கையை இழுத்துப் பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடியிருந்தாள்.

மார்ச் 8, ஞாயிறு

நன்மை வாங்கினேன்.

அப்பா புத்தளம் உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறார். எப்போது வருவார் தெரியாது. வள்ளம் ஏற்றிவிடத் துறைக்குப் போனோம். தெரேசா என் பாவாடைக்குப் பின்னால் நின்றாள்.

அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். இப்போது சொல்ல வேண்டும், இப்போது.

"தங்கச்சியைப் பாத்துக்கொள் மகள். உன்னைப்போல அவளையும் கெட்டிக்காரி ஆக்கு. கணக்கு நீயே சொல்லிக் குடு."

"ஓம் அப்பா" என்றேன்.

வள்ளத்தைத் தள்ளிவிட்டார்கள். முழங்கால் தண்ணீர் வரை போனேன். கூப்பிடவில்லை.