ஐஸ் மண்டபத்தில் போன இரண்டு பல்

திருகோணமலை.

அன்பு மகன் ரிஷிகேசனுக்கு,

நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், பற்களும் அவரவர் வாயிலேயே இருக்கின்றன. உன்னைப் பற்றி அப்படிச் சொல்ல ஏலாமல் இருப்பதால்தான் இந்தக் கடிதம். போனில் கதைத்தால் அம்மா நடுவில் பறித்துவிடுவா.

நீ வேலைக்குப் போயிருக்கும் அந்தக் குளிர்நாட்டு ஊர்ச் சனம் சேர்ந்து கட்டிய புது ஐஸ் மண்டபத்தின் திறப்புவிழாப் படம் வந்தது. வடிவான மண்டபம், கல்யாணம்கூட வைக்கலாம், நிலம் மட்டும் வழுக்கும் என்று அம்மா சொன்னா. அந்தச் சின்ன ஊருக்கு நூறு வருசமாக ஐஸில் சறுக்கி ஹொக்கி விளையாடியவர்களின் படங்களைச் சுவர் நிறைய மாட்டி, அதன் முன்னால் உன்னையும் நிறுத்தியிருக்கிறார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், பாட்டன், மகன், பேரன் எவருக்கும் முன்பல் இல்லை. இங்கே பரம்பரையாகக் காணி வரும், அங்கே இடைவெளி வருகிறது போல. அப்போதுதான் அம்மா உன் வாயைக் கவனித்துக் கத்தினா. அன்று நடந்த முதல் மட்ச்சிலேயே இரண்டு பல் போனது என்று நீ கீழே எழுதியிருந்ததை வாசித்துக் காட்டி, பிள்ளையை ஊரில் சேர்த்துக்கொண்டார்கள், சந்தோசப்படு என்றேன். அன்று முழுக்க அவ என்னோடு கதைக்கவில்லை. வீடு நல்ல அமைதி.

சங்கடம் என்னவென்றால், நிலாவெளி ஞானசேகரம் தன் மகள் சுலோஜனாவுக்கு உன்னைப் பேசலாம் என்று படம் கேட்டது அதே கிழமை. உன் மற்றப் படங்களில் எல்லாம் நீ கடவுச்சீட்டுக்கு நிற்பது போல நிற்கிறாய், இதில்தான் சிரிக்கிறாய் என்று அம்மா இதையே ஸ்ரூடியோவுக்குக் கொண்டுபோய் இரண்டு பல் வைத்துத் தரச் சொல்லியிருக்கிறா. ஸ்ரூடியோக்காரத் தம்பி அரைகுறை வேலை தெரியாத மனிதன். தேர்தல் சுவரொட்டியில் எடுத்த பல் போல அகலமாக ஒரு சோடியை உனக்கு வைத்ததோடு நிற்காமல், பின்சுவரில் தொங்கிய பாட்டன்மார் எல்லோருக்கும் அதையே வைத்துவிட்டான். உங்கள் ஊரின் நூறு வருசப் பெருமை ஒரு பின்னேரத்தில் அழிந்தது.

ஞானசேகரமோ சீனன்குடா விமானத்தள வாசலில் காவல் நின்று, அடையாள அட்டையையும் முகத்தையும் ஒத்துப் பார்த்தே ஓய்வுபெற்றவர். ஞாயிற்றுக்கிழமை மனைவியோடும் மகளோடும் வந்து கதிரையில் இருந்ததும் படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, தம்பியின் ஊரில் எல்லோரும் ஒரே குடும்பமோ, வாய் ஒரே மாதிரி இருக்குதே என்றார். ஏற்கெனவே மேசையில் இருந்த தேத்தண்ணியை எடுக்க அம்மா குசினிக்கு ஓடிவிட்டா. நான் உண்மையான படத்தைக் கொடுத்தேன். சண்டையோ என்று கேட்டார். இல்லை, விளையாட்டு என்றேன். இரண்டும் ஒன்றுதான் என்ற முகத்தோடு அவர் செருப்பைத் தேடத் தொடங்க, சுலோஜனாப் பிள்ளை படத்தை வாங்கிப் பார்த்துச் சிரித்தது பார், தாய் கிள்ளியும் நிற்கவில்லை. பிறகு தலைமயிரை ஒதுக்கிப் புருவத்துக்கு மேலே ஒரு தையல் அடையாளத்தைக் காட்டினா. பள்ளிக்கூட ஹொக்கியில் பட்டதாம். எந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போனாலும் தாய் அதைப் பவுடர் பூசி மறைப்பாவாம். தாய்க்கும் உடனே தேத்தண்ணி எடுக்க வேண்டி வந்தது. இரண்டு சம்பந்திகளும் குசினியில் நின்று விழுந்து விழுந்து சிரித்த சத்தம் கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

பிள்ளை கேட்டது ஒரேயொரு கேள்வி. பந்துக்குப் பதிலாக அங்கே அடிக்கிற, உன் வாயில் பட்ட அந்த றப்பர்த் தட்டு பிறகு கோலுக்குள் போனதா, இல்லையா? பல் இல்லாதவரோடு காலம் தள்ளலாம் மாமா, பல்லையும் கொடுத்துக் கோலையும் கொடுத்தவர் என்றால் கொஞ்சம் யோசிக்க வேணும் என்றா. மாமா என்றா, கவனித்தாயா? அது போயிருக்கக் கூடாது என்று அம்மா பத்திரகாளி அம்மனுக்கு நேர்ந்திருக்கிறா, எந்தப் பக்கத்துக் கோல் என்று அம்மனுக்கு விளங்கச் சொன்னாவோ தெரியாது.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். இனி விளையாடும்போது வாய்க்குக் கவசம் போடு. சுலோஜனாவைக் கேட்காமல் பல் கட்டாதே. பதிலை உடனே எழுது, கோலுக்குள் போயிருந்தால் போனது என்றே எழுது. சுலோஜனா புறப்படும்போது படலையடியில் வைத்து, நீ அடிபட்டுத் தையல் போட்ட மட்ச் என்ன முடிவு பிள்ளை என்று மெதுவாகக் கேட்டனான். தகப்பனுக்குக் கேளாமல், படுதோல்வி மாமா என்றா.

அன்பு அப்பா,
சி. யோகலிங்கம்