உன் காரில் நான் போட்ட அடையாளம்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே உன் சுகத்தைப் பற்றி ஒளிக்காமல் எழுது, போனில் நீ சொல்கிற நல்லா இருக்கேன்பாவை நான் நம்புவதில்லை, போன தடவை அதை மூன்று தும்மலுக்கு நடுவே சொன்னாய். அம்மாவுக்குக் கண்ணில் விடுகிற சொட்டு மருந்தை மாற்றியிருக்கிறார்கள், புதுசும் பழையதன் நிறத்திலேயே இருக்கிறதே, லேபிளை மட்டும் மாற்றி ஒட்டிவிட்டீர்களா என்று மருந்துக் கடையில் கேட்டேன், அம்மா என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள். மாடி வீட்டு டீச்சர் தண்ணீர்த் தொட்டிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். பூட்டுப் போடச் சொன்னதே நான்தான், அதனால் வாயைத் திறக்க வழியில்லை.

இதெல்லாம் இருக்கட்டும், இந்தக் கடிதம் உன் காரைப் பற்றியது. போன மாதம் நீ பேச்சோடு பேச்சாக, அந்தக் காரை வித்துடுங்கப்பா, சும்மாதானே நிக்குது என்றாய். அது சும்மா நிற்கவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் எடுக்கிறேன், அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போகிறேன், டிரைவர் சீட்டை நீ வைத்துவிட்டுப் போன இடத்திலிருந்து நகர்த்தாமல் முழங்கால் இடிக்க இடிக்க ஓட்டுகிறேன். இரண்டே வருஷம்பா என்று சொல்லிவிட்டுப் போனாய், நாலு முடிந்துவிட்டது. திரும்பி வரப்போகிறவள் காரை எதற்கு விற்கச் சொல்கிறாள் என்று அன்றிலிருந்து மண்டைக்குள் ஒரே குடைச்சல். நேராகக் கேட்டால் ஆபீஸ் கால் வருதுப்பா என்று வைத்துவிடுவாய், அதனால் கேட்கவில்லை. நீ வரும்போது கார் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் கார் முன் இடது பக்கமாக உட்கார்ந்திருக்கிறது, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழையவில்லை. ஸ்டார்ட் செய்தால் பின்னாலிருந்து கம்ப்ரஸர் கிர்ரென்று இரைந்து காற்றை ஏற்றுகிறது, வண்டி எழுந்துகொள்கிறது, மறுநாள் காலை மறுபடியும் உட்கார்ந்துவிடுகிறது. மற்ற வண்டியில் ஸ்பிரிங் இருக்கிற இடத்தில் இதில் காற்றடைத்த ரப்பர் பை, அதோடு ஷாக் அப்சார்பர், இரண்டும் சேர்ந்து ஒரே உருப்படி, ஏர் ஸ்ட்ரட் என்கிறார்கள். காற்றை நம்பி ஒரு வண்டியா என்று வாங்கும்போதே கேட்டேன், நீ சிரித்தாய். யாரோ பானட்டில் ஏறி உட்காருகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன், டீச்சர் வீட்டுக்கு வருகிற ஆட்கள்மேல் எனக்கு எப்போதுமே ஒரு கண். காரைச் சுற்றிச் சுண்ணாம்புப் பொடி தூவி வைத்தேன். காலையில் பார்த்தால் காலடித் தடம் இருந்தது, அத்தனையும் என் செருப்பு.

சரி என்று நம் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன், எதைக் கேட்டாலும் பார்த்துக்கலாம் சார் என்பதால் அவனுக்கு நீ ‘பார்த்துக்கலாம்’ என்றே பேர் வைத்தாயே, அவனிடம்தான். நான் உள்ளே நுழைந்ததும் பேசிக்கொண்டிருந்த போனைச் சட்டென்று வைத்துவிட்டான். சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்துவிட்டு, பை லீக் ஆகுது சார், மாத்தணும் என்றான், முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அப்புறம் சம்பந்தமே இல்லாமல், பாப்பா எப்ப சார் வர்றாங்க என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள், இதுக்கு மேல இந்த வண்டியில காசைப் போடாதீங்க சார், பேசாம குடுத்துடுங்க என்றான். பத்து வருஷமாக ஒரு ஆணியைக்கூட மாட்டிக்கோங்க சார் என்று தலையில் கட்டுகிறவன் போடாதீங்க என்றால் என்ன அர்த்தம். வண்டியை அவனே அடிமாட்டு விலைக்குத் தள்ளிக்கொண்டு போகப் பார்க்கிறான், அதற்காகப் போன வருஷம் பிரேக் வேலைக்கு விட்டபோதே பையில் ஓட்டை போட்டிருக்கிறான், இதுதான் என் முடிவு. மனதோடு வைத்திருந்தாலாவது பரவாயில்லை. அங்கே நின்ற நாலு வாடிக்கையாளர்கள் முன்னால், நீதான்யா குத்தியிருப்ப என்று கேட்டுவிட்டேன். அவன் கையைத் துடைத்துச் சாவியை என் கையில் கொடுத்தான். குட்டு உடைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வெற்றியோடு வீட்டுக்கு வந்தேன்.

அவனும் வேண்டாம் எவனும் வேண்டாம், நானே மாட்டுகிறேன் என்று ஸ்ட்ரட்டை வரவழைத்தேன். பெட்டியின் டேப்பைப் பிரித்து ஒட்டியிருக்கிறார்களா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபின்தான் கையெழுத்துப் போட்டேன். அம்மா பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள், இவ்வளவு பாடுபட்டு மாட்டணுமாங்க என்றாள். வெயிலுக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் ஆரம்பித்தோம், அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செய்முறைத் தாளைச் செய்தி வாசிப்பதுபோல் வாசித்தாள், ஒரு கையில் டார்ச். பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பேட்டரி வயரைக் கழற்றி, ஜாக்கியில் தூக்கி, அடியில் இரண்டு ஸ்டாண்ட் வைத்தேன், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விட நான் என்ன பைத்தியமா. காற்றுக் குழாயின் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால் உஸ்ஸென்று காற்று போனது, போய் முடிகிற வரை அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பானட்டுக்குள் மேலே மூன்று நட்டு, கீழே ஒரு நீள போல்ட், அந்த போல்ட் மட்டும் அசைய மாட்டேன் என்று அரை மணி நேரம் வாங்கிவிட்டது. கழற்றியதையெல்லாம் நம்பர் எழுதி முட்டை அட்டையில் வைத்தேன்.

பழையது வெளியே வந்ததும் துணியால் துடைத்து ரப்பரை விரித்துப் பார்த்தேன். மடிப்பில் ஒரு அங்குல நீளத்துக்கு வெடிப்பு, நேர்க்கோடாக, கத்தி வைத்து இழுத்ததேதான். பிடிச்சுட்டேன் பார் திருடனை என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். அம்மா டார்ச்சைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள், மெதுவாக, இது உங்க கைவேலைங்க என்றாள். வெடிப்புக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோடு, அதன் தலையில் ஒரு புள்ளி. உனக்கு இது தெரியும். முப்பத்தொரு வருஷம் பேக்டரி ஸ்டோரில் இருந்தவன் நான், ரிப்பேருக்கு அனுப்புகிற எந்தச் சாமானிலும் இரண்டு கோடு ஒரு புள்ளி போடாமல் அனுப்ப மாட்டேன், ஒரு தடவை நாங்கள் அனுப்பிய மோட்டார் போய் வேறு மோட்டார் திரும்பி வந்ததிலிருந்து பிடித்த பழக்கம், வீட்டு மிக்ஸிக்கும் உன் பழைய சைக்கிளுக்கும்கூடப் போட்டிருக்கிறேன். பிரேக் வேலைக்கு விடுவதற்கு முதல் நாள் சக்கரத்தைக் கழற்றி உள்ளே இருந்த எல்லாவற்றுக்கும் போட்டேன். இரும்புக்கு பெயிண்ட், ரப்பரில் பெயிண்ட் நிற்காது என்று குத்தூசியால் கீறினேன். நான் கீறிய இடம் வண்டி குலுங்கும்போதெல்லாம் மடிந்து விரிகிற இடம், ஒரு வருஷம் மடிந்து மடிந்து கீறல் வெடிப்பாகிவிட்டது. ஸ்பேனரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். அம்மா சிரிக்கவில்லை, அடுத்தது படிக்கட்டுமா என்று மட்டும் கேட்டாள்.

புதுசை மாட்டினோம். காற்று இல்லாத பையின்மேல் வண்டியின் பாரத்தை இறக்கினால் ரப்பர் நசுங்கிக் கிழிந்துவிடும் என்று தாளில் சிவப்பில் போட்டிருந்ததை அம்மா இரண்டு தடவை வாசித்தாள். பேட்டரி வயரைத் திரும்ப மாட்டி, வண்டியை ஜாக்கியிலேயே வைத்து ஸ்டார்ட் செய்து, காற்று ஏறிய பிறகு மெல்ல இறக்கி, தன் உயரத்தில் நின்றபின் கீழ் போல்ட்டை முழுசாக முறுக்கினேன். மூன்று மணி நேரம் ஆயிற்று. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன், அளவு மாறாமல் நின்றது. சந்தோஷப்பட முடியவில்லை, பத்து வருஷம் பழகிய மனுஷனை நாலு பேர் முன்னால் திருடனாக்கிவிட்டேனே.

அன்றைக்கே பழைய ஸ்ட்ரட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஒர்க் ஷாப்புக்குப் போனேன். ஆள் கூட்டம் இருக்கிற நேரம் பார்த்தே போனேன், அவமானப்படுத்தியது நாலு பேர் முன்னால் என்றால் மன்னிப்பும் அப்படித்தான் கேட்க வேண்டும். என் கீறலைக் காட்டி, தப்பு என்மேலதான்யா, மனசுல வெச்சுக்காதே என்றேன். அவர் பழையதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். நீங்க என்னைச் சந்தேகப்பட்டது முழுசா தப்பில்ல சார், உங்ககிட்ட ஒண்ணை மறைச்சேன் என்றார். பாப்பா மூணு மாசம் முன்னாடி போன் பண்ணாங்க, அங்கேயே நிரந்தரமா இருக்கப் போறேன், வீடு பார்த்தாச்சு, வண்டிக்கு நல்ல ஆளாப் பாருங்க, அப்பாகிட்ட நானே பக்குவமா சொல்லிக்கிறேன்னு சொன்னாங்க, அதான் உங்க முகத்தைப் பார்க்க முடியல என்றார். நான் அன்று உள்ளே நுழைந்தபோது அவர் வைத்த போனும் வண்டி கேட்ட ஆளுடையதாம். அவரைக் கோபித்துக்கொள்ளாதே, நான் உடைந்துபோய் நின்றதைப் பார்த்துத்தான் சொன்னார். உன் பதில் வரும்வரை யாரிடமும் வாக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு நாளாக நான் யார்மேலும் சந்தேகப்படவில்லை, அதற்கே அம்மா ஜுரமா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். குட்டிம்மா, நீ அங்கேயே இருந்துவிடப் போகிறாய் என்றால் அதை என்னிடம் சொல். வருத்தப்படுவேன், நாலு நாள் சாப்பாடு இறங்காது, அப்புறம் எழுந்து நடமாடுவேன். நீ அங்கே நன்றாக இருப்பது எனக்குப் பிடிக்காத விஷயமா. என் மகள் விஷயத்தை ஒர்க் ஷாப்பில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தெரிந்துகொண்டேனே, அதுதான் தாங்க முடியவில்லை. அப்பாவிடம் சொல்ல நீ ஏன் பயந்தாய் என்று யோசித்துப் பார்த்தேன். எதைச் சொன்னாலும் ஏன், எதற்கு, யார் சொன்னது என்று துருவுகிறவனிடம் யார்தான் வாயைத் திறப்பார்கள். இந்தத் தடவை துருவ மாட்டேன். வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ ஒரே வரி எழுது, அப்படியே நம்பிவிடுகிறேன்.

ஒரே ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம் இருக்கிறது, இது அம்மாவுக்கு முன்பே தெரியுமா என்று. எல்லாம் தெரிந்துகொண்டே அந்த வெயிலில் மூன்று மணி நேரம் எனக்கு டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாளா என்று. அதை நான் அவளிடம் கேட்கப்போவதில்லை. நீயும் எழுதாதே.

உடம்புக்கு ஒன்றும் வராமல், நினைத்தது கைகூடி, எங்கே இருந்தாலும் நிம்மதியாக இரு. தும்மலுக்கு டாக்டரைப் பார், படுக்கும்முன் உள் தாழ்ப்பாளைப் போடு.

உன் பதில் எதுவானாலும்,
உன் அப்பா