நீ அனுப்பாத பாட்காஸ்ட்

உ
சிவமயம்

காஞ்சிபுரம்
மாசி மாதம், வியாழக்கிழமை

அன்பு மகள் கீர்த்திக்கு அம்மா எழுதுவது. குமரக்கோட்டத்து முருகன் தயவில் நானும் அப்பாவும் நடமாட்டமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை உதயகுமாரும் அந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிற வரியை மட்டும் எழுதி எழுதி அடித்துவிட்டேன், காகிதம் அந்த இடத்தில் அழுக்காக இருக்கும், ஏன் என்று கீழே தெரியும். தினமும் வாட்ஸ்அப்பில் பேசுகிறவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு ஸ்பீக்கரில் போடு என்பார். மெசேஜ் அடித்தால் எனக்குப் பாதியில் அழித்துவிடத் தோன்றுகிறது. எதிர்வீட்டு அந்தோணி அண்ணன் பெண் கலையரசிக்கு நீ இருக்கிற டப்ளினிலேயே மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் பரவாயில்லை, வேறு யாரும் இல்லாதபோது படி.

முதலில் நீ பொங்கலுக்கு அனுப்பினாயே, பெண்கள் கேட்க வேண்டிய பாட்காஸ்ட் என்று ஒரு பட்டியல், அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா ஒன்றையும் கேட்கவில்லை என்பாய். எல்லாவற்றையும் கேட்டேன். எனக்கு வாகான நேரம் தறியில் உட்காரும் நேரம்தான். அப்பா புடவையின் உடலை நெய்துகொண்டு போகிறார், நான் கரைப் பக்கம் உட்கார்ந்து, கரையை உடலோடு இணைக்கிற கோர்வைக்கு நூல் நாடாவைத் தள்ளுகிறேன், கைக்குத்தான் வேலை, காது சும்மா இருக்கிறது. அந்த 'வீட்டுக் கணக்கு' பெண் இருக்கிறாளே, வரவு செலவை எழுதி வையுங்கள் என்பதை அவளே கண்டுபிடித்த மாதிரி சொல்கிறாள், கல்யாணம் ஆன மாதத்திலிருந்து நான் எழுதிக்கொண்டிருப்பது அவளுக்கு யார் சொல்வது. ஆனால் வாரிசு பேர் சேர்ப்பது பற்றி ஒரு நாள் சொன்னாள், அது எனக்குத் தெரியாத விஷயம், மறுநாளே போஸ்ட் ஆபீசுக்குப் போய்ப் பழைய டெபாசிட்டுக்கெல்லாம் உன் பேரைச் சேர்த்துவிட்டு வந்தேன். பதிகங்களுக்குப் பொருள் சொல்கிற அம்மாள் நன்றாகச் சொல்கிறார், கேட்டால் நெஞ்சு கரைகிறது, அந்த நேரம் பார்த்துப் பற்பசை விளம்பரம் வந்து விழுகிறது, போன் கைக்கு எட்டாததால் அதையும் முழுசாகக் கேட்க வேண்டியிருக்கிறது. தனியாக ஊர் சுற்றுகிற பெண்ணின் பேச்சைக் கேட்டுவிட்டு நானும் பக்கத்து வீட்டு அலமுவும் ஒரு நாள் ஷேர் ஆட்டோ பிடித்துத் திருப்பருத்திக்குன்றம் போய் அந்தச் சமணர் கோயில் கூரையில் இருக்கிற படங்களைப் பார்த்துவிட்டு வந்தோம். இத்தனை வருஷம் இங்கேயே இருந்துகொண்டு போனதில்லை, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம். சட்டம் சொல்கிற வக்கீலம்மா பேச்சு அலமுவுக்குத்தான் பலித்தது. அதைக் கேட்டுவிட்டுத் தன் அண்ணனிடம் போய்ப் பிறந்த வீட்டில் எனக்கும் பங்கு உண்டாமே என்று கேட்டிருக்கிறாள், இப்போது அண்ணன் வீட்டிலிருந்து விசேஷத்துக்குக்கூடப் பத்திரிகை வருவதில்லை. நான்தான் இந்த வம்பை அவள் காதில் மாட்டிவிட்டேன் என்று வருத்தப்பட்டால் அவள் சிரிக்கிறாள், கேட்ட பிறகுதான் அண்ணன் யார் என்று தெரிந்தது, அந்த வக்கீலம்மா நல்லா இருக்கட்டும் என்கிறாள்.

'உடம்பைக் கேளு' டாக்டரம்மாவைத்தான் நான் அதிகம் கேட்டேன். அப்பா இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து நெய்கிறார், என் காதுக்குள் டாக்டரம்மா மாதவிலக்கு நிற்பதைப் பற்றிக் கூச்சமே இல்லாமல் பேசுகிறார், வெளியே கேட்டுவிடுமோ என்று எனக்கு வியர்த்துக் கொட்டியது. இருந்தாலும் என் அம்மாவும் மாமியாரும் எனக்குச் சொல்லாததை எல்லாம் அவர்தான் சொன்னார், அவருக்கு என் நமஸ்காரம். பால் பொங்குகிறது, இரு, வருகிறேன்.

வந்துவிட்டேன். எழுத வந்ததை எழுதாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறேன். போன வாரம் ஒரு நாள் டாக்டரம்மா பேச்சு முடிந்தது. முடிந்தால் அடுத்தது தானாக ஓட ஆரம்பிக்கிறது அல்லவா, என் இரண்டு கையும் தறியில், நிறுத்த முடியவில்லை. 'பேர் வேண்டாம்' என்று ஒன்று வந்தது. பேர் சொல்ல விரும்பாத பெண்கள் தங்களுக்கு நடந்ததைப் பேசுவார்களாம். நீ அனுப்பிய பட்டியலில் அது இல்லை, ஏன் இல்லை என்பது எனக்கு இப்போது தெரிகிறது. நடத்துகிற பெண் இன்றைக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு தோழி என்றாள். அந்தத் தோழி பேசுவதற்கு முன்னால் லேசாகச் சிரித்தாள். அழுகை வரும் என்று தெரிந்தால் நீ முந்திக்கொண்டு சிரிப்பாயே, ஒன்றாம் வகுப்பில் விரலை நசுக்கிக்கொண்டு வந்தபோதும் அப்படித்தான் சிரித்தாய். ஒரு வார்த்தை பேசும் முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது கீர்த்தி.

எல்லாவற்றையும் கேட்டேன். ஐந்தாம் மாதம் என்றாய். ஆஸ்பத்திரியில் துணிக்குப் பதில் ஏதோ காகிதம் மாதிரி உடுப்பு கொடுத்தார்கள் என்றாய். மாப்பிள்ளை கஞ்சி வைக்கத் தெரியாமல் போனைப் பார்த்துப் பார்த்து வைத்தார், அடி பிடித்துவிட்டது, அதைத் தின்றுகொண்டு இரண்டு பேரும் அழுதீர்கள் என்றாய். மெட்ராஸ் பெண் மாதிரி திருத்தமாகப் பேசிக்கொண்டு வந்தவள் அந்த இடத்தில் அழுதுக்கினே சாப்ட்டோம் என்றாய். அப்புறம் நடத்துகிற பெண், வீட்டில் யாருக்கும் சொல்லவில்லையா என்று கேட்டாள். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு மறக்கவில்லை, மறக்கவும் மறக்காது. "அம்மாகிட்ட சொல்லலை. சொன்னா அவங்க சாப்பிடறதை நிறுத்திடுவாங்க. என் வயிறு காலியானது பத்தாதுன்னு அவங்க வயித்தையும் காயப்போடுவாங்க. அதையும் சேத்து என்னால சுமக்க முடியாது."

நாடா என் கையிலேயே நின்றுவிட்டது. அப்பா பாட்டுக்கு உடலுக்கு ஊடை போட்டுக்கொண்டே போயிருக்கிறார், கரைக்கு நான் போடவே இல்லை. உடல் வேறு கரை வேறாக வாய் பிளந்து நின்ற பிறகுதான் அவர் பார்த்தார். கல்யாணத்துக்கென்று சொல்லி வைத்த அரக்குப் புடவை, கரை பச்சை, சின்னதாக விட்டாலும் பளிச்சென்று தெரியும். அவர் ஒன்றும் கத்தவில்லை, காதுல அத மாட்டிக்கினு ஒக்காந்தா கோர்வை எங்கேருந்து நிக்கும் என்று சொல்லிவிட்டு இழை இழையாகப் பிரிக்க ஆரம்பித்தார். தூங்கிவிட்டேன் என்று சொன்னேன். அவர் என் கண்ணைப் பார்த்தார், தூங்கினவள் கண் மாதிரி இருந்திருக்காது, ஆனாலும் கேட்கவில்லை. அன்றிலிருந்து தறியில் உட்காரும்போது காதில் எதையும் மாட்டுவதில்லை. அவர் சொன்னதற்காக இல்லை, மாட்டினால் நான் திரும்பத் திரும்ப அதையே போட்டுக் கேட்பேன்.

கோபம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். ஊர் உலகத்துக்குச் சொல்லத் தெரிந்தவளுக்கு அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லையா என்று அடுப்பங்கரைக்கும் வாசலுக்கும் நடந்தேன், கோயிலுக்குப் போனேன், சந்நிதியில் நின்று என்ன கேட்பது என்று தெரியாமல் திரும்பி வந்தேன், வழியில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன், திரும்பவும் போய் மாற்றினேன். ஐப்பசியில், தீபாவளி கழிந்த வாரம் என்றாய். அந்த வாரம்தான் நான் கந்த சஷ்டிக்குப் பாலும் பழமுமாக இருந்து உனக்காகப் பிராகாரம் சுற்றினேன், அதைப் பெருமையாகப் போனிலும் சொன்னேன், நீ சரிம்மா, உடம்பைப் பார்த்துக்கோ என்றாய். நீ எந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு அதைச் சொன்னாய் என்று நினைத்தால் எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

இதிலே அலமு வேறு. அவளும் அந்தப் பாட்காஸ்ட்டைக் கேட்கிறாள், நான்தானே எல்லாருக்கும் போனில் போட்டுக் கொடுத்தேன். மதியம் நூல் சுற்றிக்கொண்டே, எந்தத் தாய் பெத்த புள்ளையோ, ஆத்தாகிட்ட சொல்லாம ஊருக்குச் சொல்லுது பாரு, அந்த ஆத்தா எப்பிடிப்பட்டவளோ என்றாள். அவளுக்குக் குரல் தெரியவில்லை, பயப்படாதே. "சொல்ல எடம் இல்லாம போயிருக்கும் அலமு" என்று மட்டும் சொன்னேன். அவள் ராட்டையை நிறுத்திவிட்டு ஆமாம், அதுவும் உண்டு என்றாள். நீ என்னிடம் பதில் கேட்காமல் பேசிவிட்டாய், நானும் உன்னைக் குறுக்கே பேசவிடாமல் எழுதுகிறேன், கணக்கு சரியாகப் போயிற்று.

இப்போது அவசரமான விஷயம். உன் மாமியார் பங்குனி உத்திரத்தன்று ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தடியில் உன் பேரில் தொட்டில் கட்டப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் அல்லவா. அது வெறும் பேச்சில்லை. திங்கட்கிழமை சம்பந்தியம்மா சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார்கள், கையில் மஞ்சள் தடவிய சின்ன மரத்தொட்டில். கட்டுகிற நேரத்துக்கு உன்னை வீடியோவில் கூப்பிட்டுக் காட்ட வேண்டுமாம், நீ அங்கிருந்தே தொட்டிலைப் பார்த்துக் கும்பிட வேண்டுமாம், சொந்தக்காரர் எல்லாரும் சுற்றி நிற்பார்களாம். அவர்கள் மேல் தப்பு இல்லை, அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, ஆசையாகத்தான் வந்தார்கள். போன வாரத்துக்கு முன்னால் என்றால் நானே முதல் ஆளாகப் போய் நின்றிருப்பேன். எனக்கு அந்தத் தொட்டிலைத் தொடவே கை வரவில்லை. உன் விஷயத்தை என் வாயால் சொல்லவும் கூடாது, சும்மா இருக்கவும் கூடாது. "எம் பொண்ண அந்த மரத்தடியில நிக்க வெச்சிக் கும்பிடச் சொல்ல வேணாம் சம்பந்தியம்மா, போன்லயும் வேணாம்" என்றேன். அவர்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. கோயில் கோயிலா சுத்தறவங்க நீங்க, உங்களுக்கு இன்னா வந்துச்சு திடீர்னு என்று கேட்டார்கள். நான் காபியை ஆற்றிக் கொடுத்தேன். பொண்ணப் பெத்தவங்களுக்கே அக்கறை இல்லேன்னா நான் எங்க போய் முட்டிக்கறது என்று காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள், தொட்டிலையும் இங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் அதை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன், மனசு கேட்கவில்லை, சாமி அலமாரியில் வைத்தேன், அங்கேயும் பார்க்க முடியவில்லை, இப்போது பரண் மேல் ஒரு பழைய பாயில் சுற்றி இருக்கிறது.

அவர்கள் வேறு தொட்டில் வாங்கிக்கொண்டு தாங்களே போகக்கூடியவர்கள். அன்றைக்குக் காலையில் வீடியோ வந்தால் நீ எடுக்காதே. மாப்பிள்ளையிடம் போனைக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடு. அவருடைய அம்மாவுக்கு என்ன சொல்வது என்று அவரே முடிவு செய்யட்டும், அவர் நல்ல பிள்ளை, கஞ்சி அடிபிடித்தாலும் வைத்துக் கொடுத்தவர். அப்பாவுக்கு நான் சொல்லவில்லை. சொல்லலாமா கூடாதா என்று நீதான் சொல்ல வேண்டும், அது உன் வார்த்தை, நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். எனக்கு நீ எதையும் திரும்ப விவரமாகச் சொல்ல வேண்டியதும் இல்லை. சொல்லத் தோன்றினால் மதியம் கூப்பிடு, அப்பா அப்போது கடைத்தெருவுக்கு ஜரிகை பார்க்கப் போய்விடுவார். இனிமேல் போனில் விசேஷம் உண்டா என்று என் வாயிலிருந்து வராது.

ஒன்று மட்டும் தெரிந்துகொள். இன்றைக்கு சஷ்டி. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சஷ்டியில் நான் சோறு தொட்டதில்லை, உனக்கே தெரியும். இன்றைக்குக் காலையில் முருகனிடம் போய் எனக்கு இன்று வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்து கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். மதியம் அப்பாவோடு இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன், இரண்டாம் தடவையும் சோறு போட்டுக்கொண்டேன், கடைசியில் மோரும் விட்டுக்கொண்டேன். முதல் கவளம் உள்ளே போகவில்லை, தண்ணீர் குடித்து இறக்கினேன், அப்புறம் போயிற்று. அப்பா சாப்பிடுவதை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரிந்த பிறகும் உன் அம்மா சாப்பிட்டாள் கீர்த்தி. வயிறு நிறைந்துதான் இதை எழுதுகிறேன்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் காமாட்சியம்மன் துணை இருந்து மனசுக்கும் உடம்புக்கும் தெம்பு தர வேண்டும். அங்கே சீக்கிரம் இருட்டிவிடுகிறது என்றாயே, சாயங்காலம் சாமி விளக்கு ஏற்ற முடியாத நாளில்கூட வீட்டு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார், இருட்டில் தனியாக உட்காராதே.

இப்படிக்கு,
ஆசீர்வாதத்துடன் உன் அம்மா
கு. கமலாட்சி