நடுவில் நடந்த எலிகள்

ஆரப்பாளையம், மதுரை
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை செல்வி எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். குவைத்தில் வெயில் குறைந்ததா? போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுகிறேன். நீங்களும் "சரி விடு தாயி" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் லீவு முடிந்து அங்கே திரும்பும் வீரணன் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அம்மா இடித்த இட்லிப் பொடியும் இருக்கிறது.

என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர் உங்களுக்கே போன் செய்துவிட்டார். "அம்புட்டுப் பெரிய வாத்தியாரு, அவருக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சுபோச்சு? கேட்டத எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாரு" என்றீர்கள். நடந்ததைக் கேளுங்கள்.

எங்கள் ஆய்வகத்தில் பயம் போக்கும் மூலிகை மருந்து ஒன்றை வெள்ளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறோம். பாதிக்கு மருந்து, பாதிக்கு வெறும் தண்ணீர். மற்றதெல்லாம் இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றுபோல இருக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகப் பெரிய திறந்த பெட்டியில் விடுவோம். பயந்த எலி சுவரை ஒட்டியே ஓடும். பயம் தெளிந்தது நடுவில் நடக்கும்.

ஆயுத பூசைக்கு எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் வைத்தோம். புது மெஷினுக்கு மாலை போட இடம் வேண்டுமென்று பேராசிரியர் சொல்ல, தண்ணீர் எலிகளை மட்டும் பழைய கூண்டுகளில் ஒன்றொன்றாகப் போட்டு ஜெனரேட்டர் பக்கத்து நடையில் வைத்தார்கள். மருந்துக்கான எலிகள் பெரிய கூண்டிலேயே, கிழித்த காகிதத்தில் கூடு கட்டிக் கூட்டமாகத் தூங்கின. பூசைப் பொரி தீர்ந்தும் நடையில் இருந்தவற்றை யாரும் திரும்ப எடுக்கவில்லை. அப்படியே மருந்தைத் தொடங்கிவிட்டார்கள்.

நடையில் இருந்தவை கம்பியைக் கடித்துக்கொண்டே இருந்தன. கண்ணோரம் சிவப்பாகப் பிசுக்கு. ரத்தமில்லை அண்ணே, எலி நொந்துபோனால் அப்படி வடியும். பெட்டியில் விட்டால் சுவரை விட்டு வரவே இல்லை. மருந்து எலிகள் நடுவில் நடந்தன. மருந்து ஜெயித்துவிட்டது என்று கேக் வெட்டினார்கள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. தண்ணீர் எலிகள் சிலவற்றை ஒரே கூண்டில் சேர்த்து, காகிதம் போட்டு, சத்தமில்லாத அறையில் வைத்தேன். மருந்து ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கவில்லை. கொஞ்ச நாளில் அவையும் நடுவில் நடந்தன.

பேராசிரியரிடம் காட்டினேன். "எலிக்கு வீடு கட்டிக் குடுக்கவா ஒன்னய வேலைக்கு வச்சேன்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கேட்காமல் மாற்றியதற்கு அப்போதே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவருக்கு அது போதாது. நான் பார்த்தது தவறு என்று எழுதித் தர வேண்டுமாம். இல்லாவிட்டால் ஆராய்ச்சிப் படிப்பை மறந்துவிட வேண்டுமாம்.

அவருக்குத் தெரியாதா என்று கேட்டீர்களே, அவருக்குத் தெரியும் அண்ணே. அதனால்தான் எழுதித் தரச் சொல்கிறார்.

அம்மாவுக்கு இன்னும் தூக்கம் சரியில்லை. "ஒங்க மருந்து கடைக்கு வந்தா எனக்கும் ஒண்ணு வாங்கியா" என்கிறது. என்ன பதில் சொல்வேன்?

திங்கட்கிழமை, விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் குழு கூடுகிறது. பேச நேரம் கேட்டிருக்கிறேன். நம் கிராமத்து நிறுத்தத்தில் "நிறுத்துங்க" என்று கண்டக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டு, வாடிப்பட்டி வரைக்கும் போய்த் திரும்பி நடந்து வந்தவள்தான் நான். திங்கட்கிழமை அப்படி உட்கார்ந்திருக்க மாட்டேன். படிப்பு போனால் போகட்டும். பார்த்தது பார்த்ததுதான்.

வண்டி ஷெட் பக்கத்து அறையில் தனியாகவே சாப்பிடுவதாக அம்மாவிடம் சொன்னீர்களாம். வெள்ளிக்கிழமை லீவிலாவது வீரணன் அண்ணனோடு சேர்ந்து சாப்பிடுங்கள். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பேராசிரியர் மறுபடி உங்களுக்குப் போன் செய்வார். "சின்னப் பிள்ள, தெரியாமப் பேசிருச்சு" என்று எனக்காக மன்னிப்புக் கேட்டுவிடாதீர்கள் அண்ணே. தெரிந்துதான் பேசுகிறேன்.

உங்கள் தங்கை,
முத்துச்செல்வி