பிரான்சிலிருந்து வந்த வைட்டமின்

செவ்வாய், இரவு.

கால் புண் ஏன் இத்தனை நாள் ஆறவில்லை என்று இன்று தெரிந்தது. மகள் பிரான்சிலிருந்து அனுப்பிய வைட்டமினையும் டாக்டரம்மா எழுதிக்கொடுத்த ஆன்டிபயாட்டிக்கையும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரே வாயில் போட்டு விழுங்கிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா வைட்டமின் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"இதுல இரும்புச்சத்து இருக்குங்கய்யா. இந்த ஆன்டிபயாட்டிக்க அது உடம்புல சேர விடாது. புண்ணு ஆறுற வரைக்கும் வைட்டமின நிறுத்திடுங்க."

தலையாட்டிவிட்டு முதலியார்பேட்டை வீட்டுக்கு பஸ் ஏறினேன். ராத்திரி ஆன்டிபயாட்டிக்கை மட்டும் போட்டேன்.

சற்று முன் மகள் போன் செய்தாள்.

"வைட்டமின் போட்டியாப்பா?"

"போட்டேம்மா."

"சரிப்பா, வச்சிடறேன்."

நிறுத்தியதைச் சொல்ல வாய் வரவில்லை. தினமும் அவள் கேட்பது அந்த ஒரு கேள்விதான். அதையும் நிறுத்திவிட்டால் போன் எதற்கு வரும்?