டெஸ்ஸா மறுத்த பாடம்

ஞாயிற்றுக்கிழமை காலை
துணி துவைக்க வந்த ஆற்றங்கரை லாண்டிரியிலிருந்து

அன்புள்ள டானெட் அக்காவுக்கு,

உன் தம்பி வெஸ்லி எழுதுகிறேன். சிறையில் உனக்குக் கம்பளிப் போர்வை கொடுத்தார்களா? இங்கே மலைமேல் பனி விழுந்துவிட்டது. வீட்டு ஹீட்டர் சத்தம் போடுகிறதே தவிர சூடு தருவதில்லை. கிடங்கில் எனக்கு மறுபடியும் ஷிஃப்டை மாற்றிவிட்டார்கள். மாற்றும்போது யாரும் நம்மைக் கேட்பதில்லை. மாற்றிய பிறகு கூட்டம் போட்டுக் கைதட்டச் சொல்கிறார்கள்.

முன்பு போட்ட கடிதங்களுக்கு நீ பதில் எழுதவில்லை. பரவாயில்லை. இதையாவது கடைசிவரை படி.

உன் மகள் டெஸ்ஸா சாரணர் படையில் சேர்ந்திருக்கிறாள். சிரிக்காதே. பள்ளியில் ஒரு தாள் கொடுத்தார்கள், கூடாரம் அடிப்பது, தீ மூட்டுவது என்று படங்கள் போட்டு. நீ போனதிலிருந்து அவள் என்னிடம் எதையுமே கேட்டதில்லை. இதைக் கேட்டாள். எப்படி மாட்டேன் என்பது?

பிள்ளை சேர்ந்தால் பெற்றவர்களுக்கும் ஒரு மாலை வகுப்பு உண்டாம். தேவாலயத்தின் அடித்தள அறையில், தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற லொரீன் பிக்கெட் அம்மாள் நடத்துகிறார். மடக்கு நாற்காலிகளில் தம்பதி தம்பதியாக உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் கிடங்கு உடுப்போடு தனியாக. லொரீன் மூன்று விரலை உயர்த்தினார். தின்ன வைத்திருந்த பெப்பரோனி ரோல் ரொட்டியில் மூன்று கேட்கிறார் என்று நினைத்து நான் தட்டை நீட்டிவிட்டேன். அந்த விரலைக் கண்டால் எல்லாரும் வாயை மூட வேண்டுமாம்! பின்னாலிருந்து டெஸ்ஸா, "மாமா, உன்னால என் மானமே போச்சு" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு தட்டை நீட்டியிருப்பேன்.

லொரீன் பேசியது எனக்குப் பிடித்திருந்தது. "இங்க பெத்தவங்களுக்கு ஒரே வேலைதான், கையைக் கட்டிக்கிட்டு சும்மா இருக்கறது. பிள்ளை கூடாரத்தைக் கோணலாக் கட்டுதா, கட்டட்டும். முட்டையைக் கருக்கிக் குடுக்குதா, நல்லா இருக்குன்னு தின்னு தொலைங்க" என்றார். பழைய சீருடைகள் தொங்கிய அலமாரியிலிருந்து டெஸ்ஸாவுக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தார். தோளில் வேறு யாருடைய பட்டையையோ பிரித்த தையல் தடம் இருந்தது. அவள் அதையே கண்ணாடிமுன் நின்று நின்று பார்த்தாள். முகாமில் இரவு தங்கும் பெரியவர்களுடைய பழைய வழக்குகளைத் தோண்டிப் பார்ப்பார்களாம். என் பதினெட்டு வயதுச் சங்கதி உனக்குத் தெரியும். கொண்டுபோய் விடலாம், கூட்டி வரலாம், அதற்குமேல் எனக்கு அனுமதி இல்லை. சரி என்றேன்.

பிறகு முதலுதவி வகுப்பு வந்தது. பெற்றவர்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். ஒருவர் மயங்கி விழுந்து கிடந்தால் என்ன செய்வீர்கள் என்று லொரீன் பிள்ளைகளைக் கேட்டார். ஒரு பெண் தண்ணீர் தெளிப்பேன் என்றாள். டெஸ்ஸா எழுந்து, பக்கத்தில் இருந்த ஆவா ஹேமண்டைத் தரையில் படுக்கச் சொன்னாள்.

"உதடு நீலமா இருக்கான்னு பாக்கணும். விரல் முட்டியால நெஞ்செலும்பை நல்லாத் தேய்க்கணும். எந்திரிக்கலன்னா மூக்குல ஸ்ப்ரே அடிக்கணும். கேக்கலன்னா இன்னொண்ணு. அப்புறம் ஒருக்களிச்சுப் படுக்க வெக்கணும், இல்லன்னா வாந்தி அடைச்சிரும்."

போதை மருந்து மிஞ்சி விழுந்தவரை எழுப்பும் முறை அது என்று பெரியவர்கள் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. லொரீன்தான் மெதுவாக, "சரி கண்ணு, ஆம்புலன்ஸை எப்பக் கூப்பிடுவே?" என்று கேட்டார். டெஸ்ஸா போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வாரமே லொரீனுக்குப் போன்மேல் போன். முகாமில் எங்கள் பெண்ணை அவளோடு ஒரே கூடாரத்தில் போடாதீர்கள் என்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். ஆவாவின் அப்பா, இரும்புக்கடை ஹேமண்ட், வண்டி நிறுத்துமிடத்தில் என்னிடம் நேரிலேயே வந்தார். "தப்பா எடுத்துக்காத வெஸ்லி. நல்ல பொண்ணுதான். ஆனா கண்டதையும் கேட்டுட்டு எங்க பாப்பா தூங்க மாட்டேங்குது" என்றார்.

"உங்க வண்டி டேஷ்போர்டுல அதே ஸ்ப்ரே கெடக்குதே, அது யாருக்கு? உங்க தம்பிக்குத்தானே?" என்று கேட்டேன்.

"அது வேற."

"என்ன வேற? உங்க வீட்டுல கடை இருக்கு, எங்க வீட்டுல போலீஸ் கேஸ் இருக்கு. அவ்ளோதான வேற?"

லொரீன் வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்துப் போனார். இல்லாவிட்டால் நானும் உனக்குப் பக்கத்தில் வந்திருப்பேன். அக்கா, இந்த ஊரில் சுரங்கத்தில் முதுகு ஒடிந்தவனுக்கெல்லாம் போதை ஏற்றும் வலி மாத்திரையை அள்ளி அள்ளிக் கொடுத்த டாக்டரின் பெயரைப் பள்ளி மைதான ஸ்கோர்போர்டில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவன் வீட்டுப் பிள்ளையோடு ஒரே கூடாரத்தில் படுக்க யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. இதை நினைத்தால் எனக்கு வேலையில் கை ஓடுவதில்லை.

டெஸ்ஸா முகாமுக்குப் போனாள். தனிக் கூடாரத்தில் படுத்தாள். திரும்பி வரும்போது வண்டியில், "நல்லா இருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான்.

ஆனால் நான் எழுத வந்தது இதைப் பற்றி அல்ல. முதல் பேட்ஜ் வாங்குவதற்கு முன்னால், பிள்ளையும் வீட்டுப் பெரியவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு சின்னக் கையேட்டைப் படிக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். பிள்ளை தன்னைக் காத்துக்கொள்வது பற்றியது. கோர்ட் என்னைப் பொறுப்பாளர் ஆக்கியிருப்பதால் நானே போதும் என்றார்கள். சமையலறை மேசையில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். முதல் பாடம் இதுதான்: பயப்படும்படி ஏதாவது நடந்தால், நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் உடனே சொல். சரிதானே என்று கேட்டேன்.

அவள் கையேட்டை மூடிவிட்டாள். "இதுக்கு நான் சரின்னு சொல்ல மாட்டேன் மாமா."

ஏன் என்றேன்.

"நான்தான் சொன்னேனே. அன்னைக்கு அம்மா விழுந்து கெடந்தப்ப போன் பண்ணிச் சொன்னேனே. ஆம்புலன்ஸ் வந்துச்சு. பின்னாடியே போலீஸ் வந்துச்சு. அம்மா போயிட்டாங்க."

நீ போன் பண்ணியதால்தான் அம்மா உயிரோடு இருக்கிறாள் என்றேன். அவள் என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்: "அப்ப ஏன் ஒருநாள்கூட என்கிட்டப் பேசல? என்மேல கோவம்தானே?"

அங்கே போன் சரியில்லை என்று பொய் சொன்னேன். நான் பொய் சொல்லும்போது நீ எப்படிப் பார்ப்பாயோ, அப்படியே பார்த்தாள்.

லொரீனுக்கு மனசு கேட்கவில்லை. "கையெழுத்த மட்டும் போட்டுக் குடுத்துரு தம்பி, யார் வந்து கேக்கப்போறா" என்றார். அதற்கும் டெஸ்ஸா ஒப்பவில்லை. "பொய் சொல்ல மாட்டேன்னு கைய தூக்கி உறுதிமொழி எடுக்கச் சொல்லிட்டு, இதுக்கு மட்டும் பொய் சொல்லச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டாள். பேட்ஜ் கொடுத்த அன்று மற்ற பெண்களெல்லாம் மேடைக்குப் போனார்கள். பேட்ஜ் வாங்கியவுடன் பிள்ளை தன் அம்மாவின் சட்டையில் ஒரு சின்ன ஊசிப்பின்னைக் குத்திவிடும். அதுவும் அவர்கள் வழக்கம். டெஸ்ஸா எல்லா அம்மாக்களையும் பார்த்துக் கைதட்டிவிட்டு, கடைசிவரை நின்று நாற்காலிகளை அடுக்கினாள்.

இதோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். படை போனால் போகிறது என்று விட்டிருப்பேன்.

போன வியாழக்கிழமை ஹீட்டரைப் பார்க்க நிலவறைக்கு இறங்கியபோது படி வழுக்கி விழுந்துவிட்டேன். தலையில் நல்ல அடி. கண் விழித்தபோது என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்திருந்தாள். தலைக்குக் கீழே அவளுடைய கோட்டு, காயத்தின்மேல் அவளுடைய சாரணர் கழுத்துத் துணி, முழுக்க ரத்தம். போன் அவள் மடியில் இருந்தது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று தெரியவில்லை. அவள் உதடு வெளுத்து, பல் கிட்டி உட்கார்ந்திருந்தாள். ஏன் யாரையும் கூப்பிடவில்லை என்று கேட்டேன்.

"கூப்பிட்டா உன்னையும் கொண்டுபோயிருவாங்க மாமா."

அக்கா, பதினொரு வயதுப் பிள்ளை அது. நான் கண் விழிக்காமலே போயிருந்தாலும் அவள் அப்படியேதான் உட்கார்ந்திருப்பாள். அடுத்த முறை அவளுக்கே ஏதாவது ஆகலாம். யாராவது அவளிடம் தப்பாக நடந்துகொள்ளலாம். அப்போதும் அவள் வாயைத் திறக்க மாட்டாள். நானும் லொரீனும் பள்ளிக்கூடத்து ஆசிரியையும் சொல்லிப் பார்த்துவிட்டோம். எங்கள் பேச்சு அவளுக்கு உறைக்கவில்லை. நாங்கள் யாரும் அன்று உன்னைப்போலக் குளியலறைத் தரையில் கிடக்கவில்லையே.

எங்களால் உன்னைக் கூப்பிட முடியாது. நீதான் கூப்பிட வேண்டும். கையேடெல்லாம் வேண்டாம், படையும் வேண்டாம். நீ போன் பண்ணியது சரி, நீ காப்பாற்றியதில் எனக்குச் சந்தோஷம் என்று அவளிடம் ஒரே ஒரு தடவை உன் வாயால் சொல்.

உன்னை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். நீ ஏன் கூப்பிடுவதில்லை என்று எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். அன்று அவள் உன்னை எழுப்பியிருக்க வேண்டாம் என்று நீ நினைக்கிறாய் இல்லையா? அப்படி நினைத்தால் என்னிடம் எழுது, என்னைத் திட்டு. நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வேன். அவளிடம் மட்டும் சந்தோஷம் என்று சொல். பொய்யாக இருந்தாலும் சொல், அக்கா. சொல்லிச் சொல்லியாவது அது உண்மையாகட்டும்.

உன்னைக் கெஞ்சும்
தம்பி வெஸ்லி