எட்டு வயதுக்கு ஒரு மேசை

என்னங்க, உங்கள் முதுகுவலி தேவலையா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

பதறாதீர்கள், சின்ன விஷயம்தான். இந்த மரச்சாமான் கம்பெனியில் நான் தனியாகப் போட்ட முதல் வரைபடம், ஒரு வீட்டில் எட்டு வயதுச் சிறுமிக்குப் படிக்கும் மேசை. நம் பாப்பா வயதுதானே என்று, அளவுப் பட்டியலைப் பார்க்காமல், அவளையே மனதில் உட்காரவைத்து வரைந்துவிட்டேன். மேசையைப் பொருத்தி முடித்ததும் அந்தச் சிறுமி உட்கார்ந்தாள். முட்டி டிராயரில் இடித்தது.

"இது ஆறு வயசுப் புள்ளைக்கு வரைஞ்ச அளவும்மா," என்றார் தச்சர்.

நான் உங்களை விட்டு வேலைக்குக் கிளம்பி வந்து இரண்டு வருடம் ஆகிறது.

மேலாளர் அறைக்கு வெளியே காத்திருக்கிறேன். திட்டுவார், அவ்வளவுதான். மடியில் வைத்து எழுதுவதால் எழுத்து கோணுகிறது.

பாப்பாவைச் சுவரோரம் நிற்கவைத்து அளவெடுத்து அனுப்புங்கள். குத்துமதிப்பாக வேண்டாம். இன்றைக்கு இருக்கும் உயரம் வேண்டும்.

கூப்பிட்டுவிட்டார், போகிறேன்.